ஒரே பயனர், பல லாகின்: அலுவலகக் கணினிக்கும் ரிமோட் லாகினுக்கும் பாதுகாப்புப் பாலிசி அமைத்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் டொமைனில் (ஒரே இடத்திலிருந்து ஆளப்படும் நிறுவனக் கணினி வலையமைப்பில்) வேலை செய்யும் ஒருவர் பகலில் அலுவலக மேசைக் கணினியில் நுழைகிறார். இரவில் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொண்டு வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் நுழைகிறார். பயணத்தில் இருக்கும்போது மடிக்கணினியை விபிஎன் இல்லாமலே திறக்கிறார். ஆள் ஒருவர்தான், ஆனால் மூன்று இடத்திலும் ஆபத்து வேறு வேறு. "யார் நுழைகிறார்" என்பதை மட்டும் வைத்துப் பாலிசி எழுதினால் ஓரிடத்தில் கெடுபிடி அதிகமாகும், இன்னோரிடத்தில் ஓட்டை விழும். எந்தக் கணினியில், எந்த வழியாக நுழைகிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியையும் (டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் பட்டியல்) குரூப் பாலிசியையும் (கணினிகளுக்கும் பயனர்களுக்கும் அமைப்புகளை அனுப்பும் முறை) கையாளும் அட்மின்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஒரே பயனருக்கு அலுவலகக் கணினியில் ஒரு பாலிசி, ரிமோட் சர்வரில் வேறு பாலிசி என்று வைக்க முடியுமா?

முடியும். முதலில் பாலிசி எப்படி வந்து சேர்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜிபிஓவுக்கும் (குரூப் பாலிசி அமைப்புகளின் ஒரு தொகுப்பு) இரண்டு பாதிகள் உண்டு. கணினிப் பாதி, கணினிக் கணக்கு எந்த ஓயூவில் (டைரக்டரியில் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) இருக்கிறதோ அதைப் பொறுத்து, கணினி துவங்கும்போது அமலாகிறது. பயனர் பாதி, பயனர் கணக்கு எந்த ஓயூவில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, லாகின் நேரத்தில் அமலாகிறது. அவர் எந்தக் கணினியில் நுழைகிறார் என்பதை பயனர் பாதி கவனிப்பதே இல்லை.

பலரும் தடுமாறுவது இங்கேதான். பயனர்கள் இருக்கும் ஓயூவில் கண்ட்ரோல் பேனலை மூடினால் அது மேசைக் கணினியிலும் மூடிவிடுகிறது. அதைத் தவிர்க்க அந்த ஜிபிஓவை சர்வர்கள் இருக்கும் ஓயூவுக்கு மாற்றினால் எங்குமே மூடுவதில்லை, ஏனென்றால் அந்த ஓயூவில் பயனர் கணக்கே கிடையாது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே லூப்பேக் என்ற அமைப்பு இருக்கிறது. "இந்தக் கணினியில் யார் நுழைந்தாலும், கணினி இருக்கும் ஓயூவில் உள்ள ஜிபிஓக்களின் பயனர் பாதியையும் எடுத்துக்கொள்" என்று அது கணினிக்குச் சொல்கிறது.

லூப்பேக்கை எப்படி இயக்குவது?

1. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களுக்கு மட்டும் தனி ஓயூ உருவாக்குங்கள். சர்வர்களின் கணினிக் கணக்குகளை அதற்குள் நகர்த்துங்கள். டொமைன் கன்ட்ரோலர்களை (லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்கள்) அவற்றின் ஓயூவிலிருந்து ஒருபோதும் நகர்த்தாதீர்கள்.

2. அந்த ஓயூவில் முதல் ஜிபிஓவை இணையுங்கள். அதில் கணினிப் பாதி மட்டும் இருக்கட்டும்: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், குரூப் பாலிசி என்ற வரிசையில் போனால் லூப்பேக் புராசஸிங் மோட் என்ற அமைப்பு கிடைக்கும். அதை எனேபிள் செய்து மெர்ஜ் அல்லது ரீப்ளேஸ் என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

3. அதே ஓயூவில் இரண்டாவது ஜிபிஓவை இணையுங்கள். பயனருக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் இதன் பயனர் பாதியில் வரட்டும்.

4. சர்வரை ரீஸ்டார்ட் செய்து, சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

இரண்டையும் ஒரே ஜிபிஓவில் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் அட்மின்களுக்கு விலக்கு தர வேண்டிய நாள் கட்டாயம் வரும். அப்போது பிரித்து வைத்திருப்பதன் அருமை தெரியும்.

மெர்ஜ், ரீப்ளேஸ் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மெர்ஜில், பயனரின் சொந்த ஓயூவிலிருந்து வரும் பாலிசிகள் முதலில் அமலாகும். அதன்மேல் கணினியின் ஓயூவிலிருந்து வருபவை அமலாகும். இரண்டும் மோதினால் கணினியின் பக்கமே வெல்லும். ரீப்ளேஸில், பயனரின் சொந்த ஓயூ பாலிசிகள் அடியோடு ஒதுக்கப்பட்டு, கணினியின் ஓயூவுக்கு உரியவை மட்டும் வரும்.

பலர் ஒன்றாக நுழையும் ரிமோட் சர்வருக்கு ரீப்ளேஸ்தான் எங்கள் பரிந்துரை. பத்துப் பிரிவுகளின் பயனர்கள் பத்து ஓயூக்களிலிருந்து வருவார்கள். மெர்ஜ் வைத்தால் சர்வரின் நடத்தை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக மாறும். பழுது பார்க்கும்போது பத்து ஓயூக்களையும் தேட வேண்டியிருக்கும், லாகினும் நீளும். ரீப்ளேஸில் சர்வர் ஓயூவைப் பார்த்தாலே முழுப் படமும் தெரிந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: பயனரின் ஓயூவிலிருந்து வந்த டிரைவ் மேப்பிங், பிரிண்டர், லாகின் ஸ்கிரிப்ட் ஆகியவை சர்வரில் வராமல் போகும். தேவையானவற்றைச் சர்வர் ஓயூவில் மறுபடி எழுத வேண்டும்.

கூட்ட அறைக் கணினி போல, வழக்கமான பாலிசியோடு ஓரிரு கட்டுப்பாடுகளை மட்டும் கூட்ட வேண்டிய இடங்களுக்கு மெர்ஜ் போதும்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்க வேண்டும். லூப்பேக் ஒரு ஜிபிஓவுக்கு உரிய அமைப்பு அல்ல, கணினிக்கு உரியது. ஒரு முறை இயங்கிவிட்டால், அந்தக் கணினிக்குப் பொருந்தும் எல்லா ஜிபிஓக்களின் பயனர் பாதியும் விழித்துக்கொள்ளும். சர்வர் ஓயூவில் என்றோ எழுதி மறந்துபோன பயனர் அமைப்பு ஒன்று திடீரென்று அமலாவது இதனால்தான். இயக்குவதற்கு முன் அந்த ஓயூவில் இணைந்துள்ள ஒவ்வொரு ஜிபிஓவையும் திறந்து பாருங்கள்.

கட்டுப்பாடு அட்மின்களையும் பிடித்துக்கொள்கிறது. அவர்களை எப்படி விலக்குவது?

கட்டுப்பாடுகள் உள்ள அந்த இரண்டாவது ஜிபிஓவில் டெலிகேஷன் தாவலுக்குப் போய், அட்வான்ஸ்டு பட்டனை அழுத்துங்கள். சர்வர் அட்மின்கள் குழுவைச் சேர்த்து "அப்ளை குரூப் பாலிசி" வரிசையில் டினை என்பதைத் தேர்ந்தெடுங்கள். லூப்பேக்கை இயக்கும் முதல் ஜிபிஓவில் கை வைக்க வேண்டாம், அது கணினிக்கானது.

டினை பிடிக்காதவர்கள் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்துவிட்டு, ரிமோட் பயனர்கள் குழுவை மட்டும் போடலாம். பின்னால் வருபவருக்குப் படித்ததும் புரியும் வழி இதுதான். ஆனால் இப்படிச் செய்யும்போதுதான் அடுத்த கேள்வியில் உள்ள சிக்கல் வரும்.

குழுவைச் சரியாகச் சேர்த்தும் பயனர் பாலிசி வரவே இல்லை. ஏன்?

2016 ஜூன் மாதம் வந்த மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பயனர் பாலிசியைப் படித்து எடுக்கும் விதத்தையே மாற்றியது. அதற்கு முன் பயனரின் அடையாளத்தில் படிக்கப்பட்ட ஜிபிஓக்கள், அதன் பிறகு கணினியின் அடையாளத்தில் படிக்கப்படுகின்றன. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவில் கணினிகளும் அடக்கம். அதை ஃபில்டரிங்கிலிருந்து எடுத்தால், கணினிக்கு அந்த ஜிபிஓவைப் படிக்கும் உரிமையே போய்விடுகிறது. பயனருக்கு எல்லா உரிமையும் இருந்தும் பாலிசி இறங்காது.

தீர்வு எளியது. டெலிகேஷன் தாவலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை (அல்லது டொமைன் கம்ப்யூட்டர்ஸை) ரீட் உரிமை மட்டும் கொடுத்துச் சேருங்கள். அப்ளை வேண்டாம், ரீட் போதும்.

இன்னொரு காரணமும் அடிக்கடி தென்படும். பயனரைக் குழுவில் சேர்த்தபின் அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி நுழையவில்லை என்றால், அவருடைய டோக்கனில் (லாகின் நேரத்தில் உருவாகும், அவர் சேர்ந்த குழுக்களைச் சொல்லும் அடையாளம்) புதிய குழு இருக்காது. கணினியைக் குழுவில் சேர்த்தால் ரீஸ்டார்ட் தேவை. பாலிசியைப் புதுப்பிக்கும் கட்டளையை எத்தனை முறை ஓட்டினாலும் இந்த இரண்டும் மாறாது.

அலுவலகத்தில் நுழைய ஒரு பாஸ்வேர்ட் விதி, ரிமோட்டில் நுழைய இன்னும் கடினமான விதி என்று வைக்கலாமா?

அப்படி முடியாது. பாஸ்வேர்ட் கணக்குக்கு உரியது, நுழையும் வழிக்கு உரியது அல்ல. டொமைன் கணக்குகளுக்கான பாஸ்வேர்ட் விதி, டொமைனின் உச்சியில் இணைக்கப்பட்ட ஜிபிஓவிலிருந்து மட்டுமே எடுக்கப்படும். கீழே ஒரு ஓயூவில் எழுதினால், அந்த ஓயூவில் உள்ள கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். "ஓயூவில் 14 எழுத்து என்று வைத்தும் 8 எழுத்தை ஏற்கிறதே" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஆள்வாரியாக மாற்றலாம். விண்டோஸ் சர்வர் 2008 முதல் ஃபைன் கிரெயின்டு பாஸ்வேர்ட் பாலிசி உண்டு. ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரில், சிஸ்டம் என்பதன் கீழ் பாஸ்வேர்ட் செட்டிங்ஸ் கன்டெய்னரில் உருவாக்கலாம். இது ஓயூவுக்குப் பொருந்தாது. பயனருக்கோ குளோபல் செக்யூரிட்டி குழுவுக்கோதான் பொருந்தும். ஒருவருக்கு இரண்டு விதிகள் வந்தால் பிரிசிடென்ஸ் எண் குறைவானது வெல்லும். பயனருக்கு நேரடியாகத் தரப்பட்டது குழு வழியாக வந்ததை வெல்லும். ரிமோட்டில் நுழைய அனுமதி பெற்ற எல்லாரையும் ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்கு நீளமான பாஸ்வேர்ட் விதியை வைப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

மாதாமாதம் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்வதை நிறுத்துங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிடச் சொன்னது. மைக்ரோசாஃப்டும் 2019-ல் தன் பாதுகாப்பு அடிப்படை அமைப்புகளிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ரிமோட் வழிக்கு உண்மையான கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், நுழைவாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வையுங்கள்.

யார் நேரடியாக நுழையலாம், யார் ரிமோட்டில் நுழையலாம் என்று பிரிப்பது எங்கே?

கணினிப் பாதியில், விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ், லோக்கல் பாலிசீஸ், யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட். அங்கே நேரடி லாகினை அனுமதிப்பதும் மறுப்பதும் தனி, ரிமோட் டெஸ்க்டாப் லாகினை அனுமதிப்பதும் மறுப்பதும் தனி. மறுப்பு எப்போதும் அனுமதியை வெல்லும்.

யூசர் ரைட்ஸ் பட்டியல்கள் ஜிபிஓக்களுக்கு இடையே ஒன்றுசேர்வதில்லை. மேலே ஒரு ஜிபிஓ நேரடி லாகினுக்கு நான்கு குழுக்களை அனுமதித்திருக்கும். கீழே உள்ள ஓயூவில் நீங்கள் ஐந்தாவது குழுவை மட்டும் எழுதினால், கடைசியில் மிஞ்சுவது அந்த ஐந்தாவது மட்டும்தான். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவை விட்டுவிட்டு இப்படி எழுதினால் சர்வரின் முன் உட்கார்ந்தும் உள்ளே போக முடியாது. முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

அனுமதி தருவதற்கு, சர்வரில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற உள்ளூர்க் குழுவுக்குள் டொமைன் குழு ஒன்றை ஜிபிஓ வழியாகச் சேர்ப்பதே சுத்தமான முறை. இதற்கு ஜிபிஓவின் பிரெஃபரன்ஸஸ் பகுதியில் உள்ள லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸைப் பயன்படுத்துங்கள். ரெஸ்டிரிக்டட் குரூப்ஸில் மெம்பர்ஸ் பட்டியலை எழுதினால், ஏற்கெனவே இருந்தவர்கள் எல்லாரும் நீக்கப்படுவார்கள்.

டொமைன் அட்மின்ஸ் குழுவுக்குச் சாதாரண மேசைக் கணினிகளில் இரண்டு வகை லாகினையும் மறுத்துவிடுங்கள். அந்தக் கணக்கின் தடயம் ஒரு பயனர் கணினியின் நினைவகத்தில் தங்கிவிட்டால், அந்தக் கணினியைக் கைப்பற்றியவர் கையில் டொமைனே போய்விடும். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரே கணினிதான். நேரடியாக உட்கார்ந்தால் ஒரு விதம், ரிமோட்டில் வந்தால் இன்னொரு விதம் வேண்டும். முடியுமா?

ஓரளவுக்கு முடியும். லூப்பேக் இந்த வேறுபாட்டை அறியாது. யூசர் ரைட்ஸ் அறியும். டிரைவ், கிளிப்போர்டு, பிரிண்டர் ரீடைரக்ஷன் அமைப்புகள் இயல்பாகவே ரிமோட் செஷனை மட்டும்தான் தொடும். பிரெஃபரன்ஸஸ் பகுதியில் உள்ளவற்றுக்கு ஐட்டம் லெவல் டார்கெட்டிங்கில் டெர்மினல் செஷன் என்ற நிபந்தனை இருக்கிறது. அதை வைத்து டிரைவ் மேப்பிங், ரெஜிஸ்ட்ரி மதிப்பு போன்றவற்றை ரிமோட்டுக்கு மட்டும் அனுப்பலாம். இதைத் தாண்டிய தேவை என்றால் அந்த வேலைக்குத் தனிச் சர்வர் ஒதுக்குவதே நல்லது.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்கிவிட்டோம். ஆனால் அவர் மடிக்கணினியில் இன்னும் நுழைகிறார். எப்படி?

டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடியாதபோது விண்டோஸ், முன்பு சேமித்து வைத்த அடையாளத்தைக் கொண்டு சரிபார்க்கிறது. இயல்பாக, கடைசியாக நுழைந்த 10 பேரின் அடையாளங்கள் அப்படிச் சேமிக்கப்படுகின்றன. இதற்குக் காலாவதி கிடையாது. கணினி நெட்வொர்க்கைத் தொடாத வரை, கணக்கு முடக்கப்பட்டது அதற்குத் தெரியவே தெரியாது.

செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில், சேமிக்கும் லாகின் எண்ணிக்கை என்ற அமைப்பைக் கணினி வகைக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மடிக்கணினிக்கு 1 அல்லது 2 போதும். எப்போதும் நெட்வொர்க்கில் இருக்கும் மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் 0 வைக்கலாம், ஆனால் டொமைன் கன்ட்ரோலர் படுத்தால் யாரும் நுழைய முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு வைக்க வேண்டும். மடிக்கணினிக்கு 0 வைத்தால் பயணத்தில் இருப்பவர் பூட்டிய கதவின் வெளியே நிற்பார்.

கணினி கைக்குத் திரும்பும் வரை டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே உண்மையான பாதுகாப்பு. டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரை இயக்கி, ரெக்கவரி கீயை டைரக்டரியில் சேமிக்கும்படி பாலிசி வையுங்கள்.

உயர் உரிமையுள்ள கணக்குகளை புரொடெக்டட் யூசர்ஸ் குழுவில் சேர்த்தால் (விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல் உண்டு) அவற்றின் அடையாளம் சேமிக்கப்படாது, என்டிஎல்எம் என்ற பழைய முறையிலான சரிபார்ப்பும் நின்றுவிடும். அதன்பின் ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வரின் ஐபி முகவரியைத் தட்டினால் உள்ளே விடாது. மற்றொரு சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ் வேலை செய்ய, சர்வரின் முழுப் பெயரைத் தட்ட வேண்டும். சர்வீஸ் கணக்குகளையும் கணினிக் கணக்குகளையும் இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள்.

வீட்டிலிருப்பவரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்தோம். இப்போது மடிக்கணினிக்குப் பழையது, மற்ற எல்லாவற்றுக்கும் புதியது என்றாகிவிட்டது.

மேலே சொன்ன அதே சேமிப்புதான் காரணம். பழைய பாஸ்வேர்டில் மடிக்கணினிக்குள் நுழைந்து, புதிய பாஸ்வேர்டில் விபிஎன்னை இணைத்து, திரையைப் பூட்டி, புதிய பாஸ்வேர்டால் திறக்கச் சொல்லுங்கள். டொமைன் கன்ட்ரோலரை எட்ட முடிவதால் சேமிப்பும் புதுப்பிக்கப்படும். பாஸ்வேர்ட் மாற்றுவதையே விபிஎன் இணைந்திருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் வழியாகச் செய்தால் இந்தச் சிக்கல் எழாது.

விபிஎன்னில் இருப்பவர்களுக்கு சில பாலிசிகள் வருகின்றன, சில வருவதே இல்லை. காரணம் என்ன?

லாகின் செய்யும் நொடியில் விபிஎன் இல்லை என்பதுதான் காரணம். பயனர் நுழைந்தபின் விபிஎன்னை இணைக்கிறார். பின்னணிப் புதுப்பிப்பு 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதனுடன் 0 முதல் 30 நிமிடம் வரை தற்செயலாகக் கூட்டி நடக்கும். அப்போது ரெஜிஸ்ட்ரி சார்ந்த அமைப்புகளும் பாதுகாப்பு அமைப்புகளும் வந்துவிடும். ஆனால் ஃபோல்டர் ரீடைரக்ஷனும் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷனும் பின்னணியில் நடக்காது. முன்னது லாகின் நேரத்திலும், பின்னது துவக்க நேரத்திலோ லாகின் நேரத்திலோதான் நடக்கும். லாகின் ஸ்கிரிப்டும் லாகினில் மட்டுமே ஓடும்.

இதோடு வேகமும் சேர்ந்துகொள்கிறது. இணைப்பு நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைவு என்று கணினி முடிவு செய்தால், ஸ்கிரிப்ட், ஃபோல்டர் ரீடைரக்ஷன், சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் ஆகியவை தாமாகவே தவிர்க்கப்படும். எந்த வேகத்திலும் வந்துசேரும் பாதுகாப்பு அமைப்புகளையும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட் அமைப்புகளையும் நம்பி ரிமோட் பாலிசியைக் கட்டுவதே உறுதியானது.

நிலையான தீர்வு, லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன். விண்டோஸின் ஆல்வேஸ் ஆன் விபிஎன்னில் டிவைஸ் டனல் இதற்கென்றே உள்ளது. டொமைனில் சேர்ந்த என்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் பதிப்பு வேண்டும். மற்ற விபிஎன்களிலும் லாகின் திரையிலேயே இணைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும்.

ஒரு பயத்தைப் போக்க வேண்டும். கணினிக் கணக்கின் பாஸ்வேர்ட் 30 நாளுக்கு ஒரு முறை மாறுகிறது, எனவே இரண்டு மாதம் வெளியே இருந்த மடிக்கணினி டொமைன் உறவை இழந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாற்றத்தைத் தொடங்குவது கணினிதான்; டொமைனை எட்டும் வரை அது காத்திருக்கும், உறவு முறியாது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு மீட்டாலோ, "பயன்பாட்டில் இல்லாத" கணக்குகளைத் துடைக்கும் ஸ்கிரிப்ட் அந்தக் கணக்கை அழித்தாலோதான் முறியும்.

பயனரின் கணக்கு அடிக்கடி லாக் ஆகிறது. அலுவலகத்தாலா, ரிமோட்டாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் (லாக்அவுட்கள் எல்லாம் வந்து சேரும் இடம்) உள்ள டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் (பதிவேட்டில்) 4740 என்ற நிகழ்வை (கணக்கு லாக் ஆனது) தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து என்ற பெயர் அதில் இருக்கும். பிறகு அந்தக் கணினியில் 4625 நிகழ்வையும் (தோல்வியுற்ற லாகின்) அதன் லாகான் டைப்பையும் பாருங்கள்: 2 என்றால் நேரடி, 3 என்றால் நெட்வொர்க், 7 என்றால் திரைப் பூட்டைத் திறந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப்.

இங்கே ஒரு பொறி உண்டு. நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயங்கும் சர்வரில், தோல்வியுற்ற ரிமோட் முயற்சி 10 என்று பதிவாகாமல் 3 என்றே பதிவாகும். செஷன் தொடங்குவதற்கு முன்பே சரிபார்ப்பு நடந்துவிடுவதே காரணம். 10 மட்டும் தேடிவிட்டு "ரிமோட் தாக்குதல் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

வழக்கமான குற்றவாளிகள்: துண்டித்தும் லாக் ஆஃப் செய்யாத பழைய ரிமோட் செஷன், பழைய பாஸ்வேர்டோடு மின்னஞ்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும் கைப்பேசி, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பாஸ்வேர்ட், பயனர் பெயரில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க்.

செஷன் நேரம், கிளிப்போர்டு, டிரைவ் பகிர்வு இவற்றுக்கு என்ன வைக்கலாம்?

மேசைக் கணினிக்கு, செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் உள்ள மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட் அமைப்பில் 900 நொடி வையுங்கள். இது கணினிப் பாதி என்பதால் யார் நுழைந்தாலும் பொருந்தும். ஸ்கிரீன் சேவர் பாலிசியை நம்ப வேண்டியதில்லை.

ரிமோட் சர்வருக்கு, செயலற்ற செஷன் 30 நிமிடத்தில் துண்டிக்கப்படட்டும், துண்டித்த செஷன் 3 மணி நேரத்தில் முடிக்கப்படட்டும். இரண்டாவதை மிகக் குறைத்தால், வீட்டு இணையம் அறுந்துபோனவரின் சேமிக்காத வேலை அழிந்துவிடும். வைக்காமலே விட்டால், மறந்துபோன செஷன்கள் நினைவகத்தைத் தின்று, மேலே சொன்ன லாக்அவுட்டுக்கும் காரணமாகும். இந்த நேர வரம்புகள் கணினிப் பாதியிலும் பயனர் பாதியிலும் உண்டு. இரண்டிலும் எழுதியிருந்தால் கணினிப் பாதி வெல்லும்.

நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத கணினியிலிருந்து நுழைய அனுமதிக்கும் சர்வரில் டிரைவ் ரீடைரக்ஷனையும் கிளிப்போர்டையும் மூடுங்கள். கோப்பு வெளியே போவதும், தீங்கான நிரல் உள்ளே வருவதும் அந்த வழிகளில்தான். எல்லாரும் நிறுவன மடிக்கணினியிலிருந்தே வருகிறார்கள் என்றால் கிளிப்போர்டைத் திறந்து வைக்கலாம். மூடினால் வேலை முடங்குகிறது, மக்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள், அது இன்னும் மோசம்.

கண்ட்ரோல் பேனலை மறைத்து, சி டிரைவை மறைத்துவிட்டோம். பாதுகாப்பு போதுமா?

போதாது. அவை கண்ணுக்கு மறைப்பவை, கதவைப் பூட்டுபவை அல்ல. மறைத்த டிரைவை வேறொரு நிரல் வழியாகத் திறந்துவிடலாம். கோப்பைக் காப்பது என்டிஎஃப்எஸ் அனுமதிகள். தேவையற்ற நிரல் ஓடாமல் காப்பது ஆப்லாக்கர் போன்ற கட்டுப்பாடு. ஆப்லாக்கரின் இயல்பு விதிகளை உருவாக்கினாலே, பயனர் தன் டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து எதையும் ஓட்ட முடியாது. முதலில் ஆடிட் ஒன்லி நிலையில் சில வாரம் ஓடவிட்டு, லாகைப் பார்த்துவிட்டு அமலாக்குங்கள். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடவில்லை என்றால் விதிகள் எதுவும் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடலாமா? எண்ணை மாற்றினால் போதாதா?

இரண்டும் வேண்டாம். 3389 என்ற போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றினாலும் ஸ்கேனர்கள் கண்டுபிடித்துவிடும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை, பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே பழைய விண்டோஸ் சர்வர்களைக் கைப்பற்ற வழி தந்தது. விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள், அல்லது 443 போர்ட்டில் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வேயை முன்னால் வைத்து இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அதில் கோருங்கள். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனைக் கட்டாயமாக்குங்கள்.

உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டை ஜிபிஓ வழியாக எல்லாக் கணினிக்கும் ஒன்றாக வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ஒரு கணினியில் அது கசிந்தால் எல்லாக் கணினிகளும் கசிந்ததாகவே பொருள். முன்பு பிரெஃபரன்ஸஸில் பாஸ்வேர்ட் எழுதும் வசதி இருந்தது. அதை மறைத்த சாவி பொதுவெளியில் உள்ளதால் 2014 மே மாதப் புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. ஆனால் அதற்குமுன் எழுதப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகள் டொமைன் கன்ட்ரோலர்கள் பகிரும் சிஸ்வால் கோப்புறையில் இன்றும் கிடக்கலாம். எந்த டொமைன் பயனரும் அவற்றைப் படிக்க முடியும். "சிபாஸ்வேர்ட்" (cpassword) என்ற சொல்லைத் தேடி, கிடைத்தால் அழித்து, அந்தப் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

பதிலாக விண்டோஸ் லேப்ஸ் பயன்படுத்துங்கள். 2023 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸுடனேயே வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாஸ்வேர்டை உருவாக்கி, இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றி, டைரக்டரியில் சேமிக்கும்.

டொமைனில் சேராத, மேகத்தில் மட்டும் பதிவான மடிக்கணினிகளுக்கு?

குரூப் பாலிசி அங்கே எட்டாது. இன்டியூன் போன்ற சாதன மேலாண்மைதான் வழி. இரண்டும் சேர்ந்து ஆளும் கணினிகளில் ஒரே அமைப்பை இரண்டு இடத்திலும் எழுதாதீர்கள். மோதினால் இயல்பாகக் குரூப் பாலிசி வெல்லும். எந்த அமைப்பை யார் ஆள்வது என்று பட்டியல் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

அமைத்தது உண்மையிலேயே அமலானதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

சம்பந்தப்பட்ட பயனராகவே அந்தச் சர்வரில் நுழைந்து ஜிபிரிசல்ட் கட்டளையை எச்டிஎம்எல் அறிக்கையாக எடுங்கள். கணினிப் பாதியும் தெரிய வேண்டுமென்றால் அட்மின் உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். அமலான ஜிபிஓக்கள் மட்டுமல்ல, மறுக்கப்பட்டவையும் காரணத்தோடு வரும். பெரும்பாலான விடைகள் மறுக்கப்பட்டவை பட்டியலில்தான் இருக்கும். அங்கும் தெளிவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் குரூப் பாலிசி ஆபரேஷனல் லாகைப் பாருங்கள், லூப்பேக் எந்த நிலையில் ஓடியது என்பதும் எந்த இடத்தில் நேரம் போனது என்பதும் அதில் தெரியும்.

அமலாக்கும் முன்பே பார்க்க வேண்டுமென்றால் குரூப் பாலிசி மாடலிங் உதவும். அதில் லூப்பேக்கைத் தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு. ஆனாலும் ஒரு சர்வரை மட்டும் சோதனை ஓயூவில் வைத்து, ஒரு வாரம் உண்மையான பயனர்களோடு ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடில்லை.

பாலிசியை நீக்கினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புமா?

எல்லாம் திரும்பாது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்டிலிருந்து வந்தவை, ஜிபிஓ விலகியதும் அடுத்த புதுப்பிப்பில் தாமாக நீங்கும். பிரெஃபரன்ஸஸ் வழியாக எழுதியவை அப்படியே தங்கிவிடும். "இனிப் பொருந்தாதபோது நீக்கு" என்ற பெட்டியை முதலிலேயே டிக் செய்திருந்தால்தான் போகும். யூசர் ரைட்ஸ் போன்ற பாதுகாப்பு அமைப்புகளை நீக்குவதாக இருந்தால், வெறுமனே ஜிபிஓவை அழிக்காதீர்கள். வேண்டிய மதிப்பை வெளிப்படையாக எழுதி, எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, அதன்பின் எடுங்கள். பல வாரம் வெளியே இருக்கும் மடிக்கணினிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை கடைசியாக வந்துசேரும் வரை அந்த ஜிபிஓ இருக்கட்டும்.